வத்தேகமக் கத்தியின் கறை

1. கருவி அறை

கண்டி ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை கத்தரிக்கோல் கழுவுவது. ஒப்பரேஷன் முடிந்து வரும் கத்தரிக்கோல், ஃபோர்செப்ஸ், கத்திப் பிடி எல்லாவற்றையும் வெந்நீரில் ஊறவைத்து, ப்ரஷ் போட்டுத் தேய்த்து, காயவைத்து, ஸ்டெரிலைசருக்கு அனுப்ப வேண்டும். முதல் நாள் நான் கழுவி அடுக்கியதில் ஒரு ஃபோர்செப்ஸை எங்கள் சிஸ்டர் எடுத்தார். அதை விரித்து, இரண்டு கால்களும் சேரும் மூட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றது.

“வெளிய பளபளன்னு தான் இருக்கு மகள். துரு இங்க இருந்து தான் வரும். கழுவுறது பாதி வேலை, காய வைக்கிறது மிச்சப் பாதி,” என்றார்.

ஓய்வு பெறும் வரை அந்த அறையில்தான் இருந்தேன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவளுக்கு நிரந்தர வேலையும் பென்ஷனும் கிடைத்ததே பெரிய விஷயம். உருக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த அறை தந்தது. வேலையும் கொடுத்து, பிற்காலத்துக்கு ஒரு பொழுதுபோக்கையும் கொடுத்த இடத்துக்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

பொழுதுபோக்கு என்று சொன்னது பழைய பட்டாளக் கத்திகள். யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, ஒரு கல்யாணப் பரிசு வாங்க பிலிமத்தலாவைக்குப் போனேன். பித்தளைச் சாமான் கடை வைத்திருக்கும் ரஹீம் நானா, ஒரு பழைய குத்துவாளைப் பொலிஷ் சக்கரத்தில் கொடுக்கக் கையில் எடுத்திருந்தார். வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது வந்த கத்தி. அலகு முழுக்க மெல்லிய சாம்பல் நிறம் ஓடியிருந்தது. பல வருடக் காற்றும் எண்ணெயும் சேர்ந்து உருக்கின்மேல் போடுகிற நிறம் அது. கீழே இருக்கும் உலோகத்தைக் காப்பதும் அதுதான். சக்கரத்தில் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் போய்விடும்.

“நானா, அத அப்படியே குடுங்க,” என்றேன்.

“இந்தக் கோலத்துலயா? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு தங்கச்சி இது?”

“துடைச்சு வைக்க.”

அவர் சிரித்துக்கொண்டே பழைய பேப்பரில் சுற்றித் தந்தார். அன்றிலிருந்து அவர் கடைக்கு வரும் எந்தப் பட்டாளக் கத்தியும் சக்கரத்துக்குப் போனதில்லை. எனக்குப் போன் வரும்.

தமிழ் வீட்டு அலுமாரியில் பட்டாளக் கத்தி இருப்பது எங்கள் நாட்டில் சின்ன விஷயம் இல்லை. என் கணவர் அருள் மாநகரசபையில் கிளார்க்காக இருந்தவர். எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பவர். “ஒளிச்சு வச்சா தான் பிரச்சினை. நாமளே போய்ச் சொல்லிடுவோம்,” என்று பொலிசுக்கு என்னைக் கூட்டிப் போனார். ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “அலுமாரியப் பூட்டி வையுங்க, சாவி உங்க கையில இருக்கட்டும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு, பிளேன் டீ குடித்துவிட்டுப் போனார். அவர் அன்று வேறு மாதிரி நடந்திருந்தால் இதை எழுத எனக்கு எதுவும் இருந்திருக்காது.

2. வெளியே வராத கத்தி

என் சேகரிப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு, சிலர் தங்கள் வீட்டுக் கத்திகளையும் கொண்டுவரத் தொடங்கினார்கள். அப்படி ஒரு நாள் வத்தேகமவிலிருந்து திலகரத்ன என்பவர் வந்தார். சிங்களவர், ஆமியில் சார்ஜண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வத்தேகமவைச் சுற்றியுள்ள தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கதவைத் திறந்ததும் அவருடைய நிமிர்ந்த நடையைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரு பழைய பயம் எட்டிப் பார்த்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நான் சொல்லும் வரை கதிரையில் உட்காராமல் நின்றார்.

துவாயில் சுற்றியிருந்த கத்தியை மேசையில் வைத்தார். தோல் உறை, பித்தளைக் கார்ட், மரப்பிடி. கார்ட் என்பது பிடிக்கும் அலகுக்கும் நடுவில் குறுக்கே இருக்கும் தகடு. அதில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உறையும் கத்தியும் ஒன்றாகிவிட்டன. இழுத்தால் அசையவில்லை.

“எங்க தாத்தாவோடது மிஸ். பர்மாச் சண்டைக்கு வெள்ளக்காரனோட போனவரு. அவரு செத்தப்ப வீட்டு ட்ரங்குப் பெட்டிக்குள்ள வச்சது. அப்புறம் யாராலயும் உருவ முடியல்ல. கராஜ்ல காட்டினேன், உறைய வெட்டி எடுக்கலாம்னாங்க. எனக்கு மனசு வரல்ல.”

எங்கள் ஊர் ஈரத்தில் இது வழக்கமாக நடப்பதுதான். தோலைப் பதப்படுத்தும்போது சேரும் உப்பும் புளிப்பும் தோலுக்குள்ளேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் தோல் ஈரத்தை உறிஞ்சும். உள்ளே கிடக்கும் உருக்கு துருப்பிடித்து வீங்கும். துரு தோலைக் கவ்விக்கொள்ளும். இளம் சேகரிப்பாளர்கள் இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்: கத்தியை ஒருபோதும் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். உறை தனி, கத்தி தனி.

இதையெல்லாம் நான் சொல்லி முடிக்கும் வரை திலகரத்ன மாத்தயா பொறுமையாகக் கேட்டார். சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா, நான் அவரை அப்படித்தான் கூப்பிட்டேன். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“ஒரு விஷயம் மிஸ். அலகுல, பிடிகிட்ட, கறுப்பா ஒரு கறை இருக்காம். மாமா சின்ன வயசுல பாத்திருக்காரு. தாத்தா குத்தின ஜப்பான்காரனோட ரத்தம் அது. துருவ எடுங்க, ஆனா அந்தக் கறையத் துடைச்சிடாதீங்க. எங்க ஊர்ல பழைய ஆமிக்காரங்க சங்கத்துக்கு ஒரு மண்டபம் கட்டியிருக்கோம். அங்க கண்ணாடிப் பெட்டியில வைக்கப் போறோம்.”

சரி என்றேன். எழுந்து செருப்பைப் போடும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்.

“அந்தக் கத்தியோட கதையக் கேட்டுத் தான் நான் ஆமிக்குப் போனேன்.”

3. முருகையா அண்ணன்

உறையின் வாய் வழியாக மெல்லிய மெஷின் ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கத்தியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எண்ணெய் இறங்கக் காத்திருந்தேன். அலுமாரிக்குள் ஈரம் தங்காமல் இருக்க நான் எப்போதும் ஒரு சின்ன பல்ப் எரியவிடுவேன். அந்த லேசான சூட்டில் வைத்தும் பார்த்தேன். வாரங்கள் போயின. மயிரளவும் நகரவில்லை. பலம் போட்டு இழுத்தால் மரப்பிடி கையோடு வந்துவிடும் என்று தோன்றியது.

உறையின் பின்பக்கத்தில் ஒரு தையல் ஓடியது. அதைப் பிரிப்பது ஒன்றுதான் மிச்சமிருந்த வழி. ஆனால் காய்ந்த தோல். ஊசித் துளையில் கிழிந்தால் திரும்பத் தைக்க முடியாது. கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்து நடைபாதையில் செருப்புத் தைக்கும் முருகையா அண்ணனிடம் உறையோடு கத்தியைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதை மூக்கருகே கொண்டுபோய் மணந்தார்.

“எருமைத் தோலுங்க. நல்லாத் தான் பதம் போட்டிருக்கான். ஆனா இங்க வச்சு வேணாம். ரோட்டுல கத்தியோட உக்காந்தா வர்றவன் போறவன் எல்லாம் கேப்பான்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீடு திரும்பும்போது அவர் எங்கள் வாசலில் காத்திருந்தார். உறையின் முதுகில் எண்ணெய் தடவி ஊறவைத்தார். பிறகு ஒவ்வொரு தையலாக, நூலை மட்டும் நறுக்கி, துளையைத் தொடாமல் எடுத்தார். நான் லைட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அருள் பேப்பர் படிப்பதுபோல் பக்கத்தைப் புரட்டாமலே உட்கார்ந்திருந்தார். கடைசித் தையல் விட்டதும் உறை ஒரு பெருமூச்சுபோலச் சத்தம் போட்டுத் திறந்தது. நான் மெல்லிய மூங்கில் குச்சியை உள்ளே விட்டுத் தோலையும் துருவையும் பிரித்தேன். அலகு முழுதாக வெளியே வந்தது.

முருகையா அண்ணன் உறையைக் கொண்டுபோய், அளவுக்கு மரக்கட்டை ஒன்று செதுக்கி உள்ளே வைத்து, பழைய துளைகளிலேயே புது நூல் ஓட்டித் தந்தார். இன்றுவரை எனக்குத் தெரிந்த எந்தச் சேகரிப்பாளரும் அந்தத் தையலைப் பிற்காலத்துத் தையல் என்று கண்டுபிடித்ததில்லை. கைமாறாக என்ன செய்யட்டும் என்று கேட்டபோது, “உங்க ஆஸ்பத்திரியில தானே என் மக பொழைச்சா,” என்றார். அவர் மகள் எப்போது அங்கே இருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியாது. நான் கழுவிய ஏதோ ஒரு கத்தரிக்கோல் அவளுக்கும் உதவியிருக்கலாம்.

4. கறை

அலகைப் பார்த்ததும் எனக்கு ஒன்று உறுத்தியது. இது இருபக்கமும் கூருள்ள கத்தி. ஒரு பக்கத்து விளிம்பு செய்தபோது இருந்தபடியே நேராக இருந்தது. மற்றப் பக்கம் நடுவில் குழிந்து தேய்ந்திருந்தது. அம்மிக்கல்லிலோ படிக்கல்லிலோ வருடக்கணக்காகத் தீட்டினால்தான் உருக்கு அப்படித் தேயும். நுனியும் உடைந்து மழுங்கியிருந்தது. எங்கள் வீட்டுச் சமையல் கத்தியும் இதே வடிவத்தில்தான் தேய்ந்திருக்கிறது.

திலகரத்ன மாத்தயா சொன்ன கறை, கார்டுக்குக் கீழே இருந்தது. கறுப்பாக, தடிப்பாக. ஆஸ்பத்திரியில் நான் காய்ந்த ரத்தத்தைப் பார்க்காத நாள் இல்லை. காய்ந்த ரத்தம் மெல்லிய செதிலாக வெடிக்கும். அதன் கீழே உருக்கு அரிக்கும். இது அப்படி இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, மெழுகுபோல இருந்தது. அதன் கீழே துருவும் இல்லை. கறையைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்ததால் அதைச் சுற்றித்தான் வேலை செய்தேன். துருவை மூங்கில் குச்சியாலும், மிக மெல்லிய ஸ்டீல் வூலை எண்ணெயில் நனைத்தும், சாம்பல் நிறம் போகாமல் எடுத்தேன்.

கார்டின் அடியில் ஒரு பொடித் துண்டு தானாக உதிர்ந்து மேசையில் கிடந்தது. அதைத் தேக்கரண்டியில் வைத்து மெழுகுதிரி மேல் காட்டினேன். கருகும் என்று நினைத்தேன். இளகியது. விரலால் தொட்டேன். ஒட்டியது. இழுத்தால் நூலாக நீண்டது. தண்ணீரில் போகவில்லை. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தேன். விரலை விட்டுக் கழன்றது.

மலைநாட்டில் பலாக்காய் வெட்டிய எந்தப் பொம்பளைக்கும் இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. அது பலாப்பால்.

அருளிடம் சொன்னேன்.

“துருவ எடுக்கச் சொன்னாங்க, எடுத்துட்ட. கறைய விடச் சொன்னாங்க, விட்டுட்ட. குடுத்துடு ஸ்டெலா. அது ரத்தம்னு அவரு நம்பிட்டுப் போகட்டும்.”

“கண்ணாடிப் பெட்டியில வச்சு, ஊருக்கே சொல்லப் போறாருங்க.”

“அவரு ஆமிக்காரரு. நீ தமிழ்ப் பொம்பள. உங்க தாத்தா வீரன் இல்லன்னு நீ போய்ச் சொல்லுவியா?”

அவர் கேட்டது நியாயம். இரண்டு நாள் அந்தக் கத்தியைத் தொடவே இல்லை. கறை பலாப்பால் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அந்த மனிதர் பர்மாவில் என்ன செய்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் தெரிந்ததை மறைத்துக் கொடுத்தால், நான் வேலையைப் பாதியில் விட்டதாகத்தான் அர்த்தம். கடைசியில் அலகுக்கு மெல்லிய மெழுகு பூசி, பருத்தித் துணியில் சுற்றி, “நானே கொண்டாந்து தாறேன்,” என்று அவருக்குப் போன் பண்ணினேன். இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அருள் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார்.

5. வத்தேகமவில்

திலகரத்ன மாத்தயாவின் வீடு டவுனுக்கு வெளியே, ஒரு சரிவில் இருந்தது. அவருடைய அம்மாவும் இருந்தார். அந்தத் தாத்தாவின் மகள் இவர்தான். நன்றாக வயதானவர், காது மட்டும் கூர்மை. அவருக்குத் தமிழ் தெரியாது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொல்வதைச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

முதலில் கத்தியையும் உறையையும் தனித்தனியாகக் கொடுத்தேன். அவர் கத்தியை உறைக்குள் செருகி, மறுபடி உருவினார். சத்தமே இல்லாமல் வந்தது. அவருடைய கண் நிறைந்துவிட்டது. அந்த நேரத்தில் சொல்லாமலே எழுந்து போய்விடலாமா என்று எனக்குத் தோன்றியது உண்மை.

“மாத்தயா, அந்தக் கறைய நான் தொடல்ல. ஆனா ஒரு துண்டு தானா விழுந்துச்சு. அது ரத்தம் இல்லீங்க. பலாப்பால்.”

தேய்ந்த விளிம்பைக் காட்டினேன். இளகியதையும், நூலாக நீண்டதையும், தேங்காயெண்ணெயில் கழன்றதையும் சொன்னேன். “அதுக்கு மேல எனக்குத் தெரியாது. உங்க தாத்தா சண்டையில என்ன செஞ்சாருன்னு இந்தக் கத்தி சொல்லாது,” என்றும் சொன்னேன்.

அவர் அம்மாவுக்கு மொழிபெயர்க்க மறந்துவிட்டார். கத்தியை மேசையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அருள் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடுப்பில் வைத்த கேத்தல் கொதித்துச் சத்தம் போட்டது, யாரும் எழவில்லை.

திரும்பி வந்து எனக்கு முன்னால் உட்கார்ந்தார். குரல் சாதாரணமாக இருந்தது.

“நான் வடக்குல இருந்தேன் மிஸ். என் கையில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ராத்திரியில தூக்கம் வராதப்ப, தாத்தாவும் இப்படித் தானே இருந்திருப்பாருன்னு நினைச்சுப்பேன். அவரு தாங்கினாரு, நானும் தாங்கலாம்னு. அவருக்கு அது இல்லன்னா...” மேசையில் கிடந்த கத்தியைப் பார்த்தார். “இல்லன்னா நல்லது. ஒரு ஆளாவது நிம்மதியாத் தூங்கியிருக்காரு.”

அவர் சொன்னதில் எங்கள் ஆட்களும் இருந்திருப்பார்கள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அவர் அதை என்னிடம் மறைக்காமல் சொன்னார். நானும் அவரிடம் மறைக்காமல் சொல்லியிருந்தேன்.

அதற்குள் அம்மா பொறுமை இழந்து மகனின் தோளைத் தட்டினார். அவர் விஷயத்தைச் சொன்னார். அம்மா கத்தியை வாங்கி, கறையின்மேல் பெருவிரலை வைத்தார். பிறகு சிங்களத்தில் பேசத் தொடங்கினார். எனக்கும் அருளுக்கும் சிங்களம் நன்றாகவே புரியும், ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில் சொல்வதுதான் எனக்கு எளிதாக இருந்தது. அவர் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“ஆமா. கிணத்தடியில உக்காந்து இதால தான் வெட்டுவாரு. என்னைத் தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லுவாரு. எனக்கு இது எப்படி மறந்து போச்சு?”

“அப்ப மாமா சொன்ன கதை?” என்றார் மகன்.

“உங்க மாமா அத இஸ்கூல்ல போய்ச் சொன்னான். எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம் ஊரே சொல்லிச்சு. அப்பா பட்டாளத்துல சமையல்காரரு. ‘காட்டுல எத்தனையோ பேருக்குச் சோறு போட்டேன்’னு சொல்லுவாரு. நாங்க பிள்ளைங்க, அடுத்து என்ன, யாரச் சுட்டீங்கன்னு கேப்போம். அவரு பேசாம இருந்துடுவாரு. சோறு போட்ட கதைய நாங்க யாருமே கேக்கல்ல.”

எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை திலகரத்ன மாத்தயா வந்தார். “கறை அப்படியே இருக்கட்டுமா, எடுக்கணுமா?” என்று கேட்டேன்.

“இருக்கட்டும் மிஸ். இப்ப தான் அது எங்களுக்கு வேணும்.”

6. மண்டபம்

சங்கத்தில் சிலர் சமையல்காரனின் கத்திக்குக் கண்ணாடிப் பெட்டி எதற்கு என்று கேட்டார்களாம். திலகரத்ன மாத்தயா விடவில்லை. திறப்பு விழாவுக்கு எங்களையும் அழைத்தார். போனோம். பதக்கங்கள், தொப்பிகள், படங்கள் எல்லாம் இருந்தன. கத்தியின் கீழே மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள்: பட்டாளச் சமையல்காரரின் கத்தி, அலகில் பலாப்பால்.

ஈரம் வராமல் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும், அதை மழைக்காலத்தில் மாற்ற வேண்டும் என்று காவல்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அதனால் அங்கே நின்றவர்களை நன்றாகப் பார்க்க முடிந்தது. பழைய ஆமிக்காரர்கள் பதக்கங்களைச் சீக்கிரமாகக் கடந்துவிட்டு இந்தப் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். ஒருவர் தன் கேம்ப் சமையல்காரரின் பெயரைச் சொன்னார். இன்னொருவர், மழையில் நனைந்த ஒரு விடியற்காலையில் தனக்குச் சூடாகக் கிடைத்த பருப்பைப் பற்றிச் சொன்னார்.

இந்த வேலையில் நான் கற்றதை இளையவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். துரு கத்தியைத் தின்னும், அதை எடுத்துவிடுங்கள். மற்ற எதையும் என்னவென்று தெரியும் முன் துடைக்காதீர்கள். தெரிந்துவிட்டால் உரியவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் நாம் பயப்படுவதைவிட நல்லவர்களாக இருக்கிறார்கள். எனக்கு அப்படித்தான் வாய்த்தது. அதற்கு நான் யாருக்கெல்லாம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அன்று புறப்படும்போது, ஊன்றுகோலோடு வந்த ஒரு வயதான ஆமிக்காரர் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இவரு அங்க என்ன சமைச்சாரு?” என்று கேட்டார். திலகரத்ன மாத்தயாவுக்குத் தெரியவில்லை. பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, “நான் சொல்றேன், கிட்ட வாங்க. பலாக்காய் வெட்டுறப்ப அவரா சொன்னதெல்லாம் இப்ப ஒவ்வொண்ணா ஞாபகம் வருது,” என்றார். ஊன்றுகோல்காரர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். எங்கள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நாங்கள் வெளியே வரும்போது அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.